கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோல்

கொப்புளத்தைத் தொட்டுப் பார்க்காமல் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நான் எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்த தோல் பிரிவில் இது எழுதப்படாத சட்டம். போட்டவர் எங்கள் மேடம். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே மிச்சமிருந்த தமிழ்ப் பெண்மணி. என் வேலை பிடித்திருந்தால் என்னைத் 'தம்பி' என்பார். பிடிக்காவிட்டால் 'டாக்டர்' என்பார். முதல் ஆண்டின் பெரும்பகுதி நான் டாக்டராகவே இருந்தேன்.

தோலில் கொப்புளம் வர எத்தனையோ காரணங்கள் உண்டு. வெந்நீர் பட்டாலும் வரும், அம்மையிலும் வரும், அக்கியிலும் வரும். பினாங்கில் கூடுதலாக ஒன்று, எல்லா இனத்தாரும் 'சார்லி' என்று செல்லப்பெயர் வைத்திருக்கும் சிறு வண்டு. வயலோரங்களில் வளர்ந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி அடுக்குமாடி வீடுகளுக்குள் பறந்து வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதைத் தட்டி நசுக்கினால்தான் வினை. அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நஞ்சு வழிந்த தடத்தில் தோல் வெந்து, கோடாகக் கொப்புளிக்கும். பெருநிலப் பகுதியில் அறுவடைக் காலத்தையொட்டி இந்த நோயாளிகள் வரிசையாக வருவார்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் ஆறிவிடும். எனக்கு அந்த வகைக் கொப்புளம் மிகவும் பிடித்திருந்தது. பார்த்தவுடன் சொல்லிவிடலாம் அல்லவா?

மேடம் எனக்குக் கற்றுத்தர நினைத்ததோ பார்த்தவுடன் சொல்ல முடியாத வகையை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் தோலையே அந்நியமாக எண்ணித் தாக்குவதால் வரும் கொப்புள நோய்கள். மேல்தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவை டெஸ்மோக்ளின் என்ற புரதங்கள். அவற்றின்மேல் எதிர்ப்பான்கள் பாய்ந்தால் வருவது பெம்பிகஸ். மேல்தோலை அதன் அடியிலுள்ள தோலோடு பிடித்து நிறுத்தும் பிபி180, பிபி230 என்ற புரதங்கள் தாக்கப்பட்டால் வருவது புல்லஸ் பெம்பிகாய்ட். மேடம் ஒரு சுவரைக் காட்டிச் சொன்னார்: முன்னதில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள காரை உதிர்ந்துபோகிறது, பின்னதில் செங்கற்கள் ஒழுங்காகவே இருக்கின்றன, சுவர்தான் அடித்தளத்தை விட்டுக் கழன்று நிற்கிறது. 1953-ல் பாஸ்டனில் வால்டர் லீவர் நுண்ணோக்கியில் இந்த வேறுபாட்டைக் காட்டும் வரை இரண்டையும் ஒரே பெயரில்தான் வைத்தியர்கள் அழைத்து வந்தார்கள். ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள்.

புத்தகத்தில் இந்த வேறுபாடு ஒரே வரிதான். பெம்பிகஸ் கொப்புளம் தளர்ந்திருக்கும், பெம்பிகாய்ட் கொப்புளம் விறைத்திருக்கும். அந்த ஒரு வரியை விரலுக்குக் கொண்டுவருவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வார்டு ரவுண்டில் மேடம் கட்டிலருகே நின்று, "சொல்லுங்க டாக்டர்" என்பார். நான் கொப்புளத்தின் நீள அகலம், எண்ணிக்கை, இடம் எல்லாம் ஒப்பிப்பேன். "தொட்டீங்களா?" என்பார். தொட்டிருக்க மாட்டேன். உடைந்துவிடுமோ என்று பயம். அவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொப்புளத்தின் மேல் மெதுவாக வைப்பார். பெம்பிகாய்ட் கொப்புளத்துக்கு மேல்தோல் முழுவதும் கூரையாக இருப்பதால், அழுத்தினால் உள்ளேயிருக்கும் நீர் விரலைத் திருப்பித் தள்ளும். ஓரம் நகராது. சில நாள்கள்கூட உடையாமல் நிற்கும். பெம்பிகஸில் கூரை மெல்லியது. விரல் தடையில்லாமல் இறங்கும். நீர் பக்கவாட்டில் ஓடும். கொப்புளத்தின் ஓரம் நம் கண்ணெதிரே இன்னும் சற்று அகலும். அந்த நகர்வை முதன்முறை விரலடியில் உணர்ந்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஒரு மனிதரின் தோல் கழன்று கொடுப்பது அது.

இன்னொரு சிக்கல், பல நேரங்களில் பெம்பிகஸ் நோயாளியின் உடம்பில் கொப்புளமே இருக்காது. கூரை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் வந்த வேகத்தில் உடைந்து, சிவந்த ரணமும் அதன் ஓரத்தில் சுருண்ட தோலும்தான் மிஞ்சும். நான் கொப்புளத்தைத் தேடிக் களைத்து, 'கொப்புளம் இல்லை, சீழ் பிடித்த கரப்பானாக இருக்கலாம்' என்று எழுதிய குறிப்புகள் உண்டு. மேடம் அவற்றை அடித்துத் திருத்த மாட்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பார். அதைப் பார்த்துவிட்டு நான் மறுபடி கட்டிலுக்குப் போக வேண்டும்.

ரணத்துக்கு அருகே, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலின் மேல் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால், பெம்பிகஸில் மேல்தோல் வழுக்கிப் பிரியும். ரஷ்ய மருத்துவர் பியோத்தர் நிகோல்ஸ்கி 1896-ல் விவரித்த இந்த அடையாளம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கேட்பதற்கு எளிது. செய்யும்போது நான் கீழ்நோக்கி அழுத்தினேன். தோல் பிரியவில்லை, நோயாளி மட்டும் முனகினார். அடுத்த நோயாளியிடம் நகம் பட்டது. அதற்குப் பிறகு மேடம் தன் முன்கையை மேசைமேல் நீட்டி, "என் கையில செய்யுங்க" என்றார். நான் தயங்க, அவரே என் முன்கையைப் பிடித்து எவ்வளவு விசை வேண்டும் என்று காட்டினார். தோலைத் தசையின்மேல் நகர்த்துவதற்கு வேண்டிய விசைதான், அதற்கு மேல் கிடையாது. இன்னொன்றும் சொன்னார். இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புண்ணை விட்டுச் செல்கிறது. ஹவுஸ்மன்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை தள்ளிப் பார்க்கும் வழக்கத்தை அவர் தன் வார்டில் அனுமதித்ததே இல்லை.

வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். முதுகில் ரணங்கள். நான் முதுகை நுணுக்கமாகப் பார்த்து, அளந்து, படம் வரைந்து வைத்தேன். பேசும்போதெல்லாம் அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்ததைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். மேடம் வந்தார், முதுகைப் பார்க்கவே இல்லை. "அம்மா, சோறு சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. பல மாதங்களாகக் கஞ்சிதான், அதுவும் ஆறவைத்து. காரம், புளி எதுவும் நாக்கில் வைக்க முடியவில்லை. வாய்ப்புண்ணுக்கு என்று கொப்பளிக்கும் மருந்தும் வைட்டமின் மாத்திரையும் வாங்கி வாங்கிச் சலித்துப்போயிருந்தார். வாயைத் திறந்து காட்டியபோது கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் எங்கும் தோலுரிந்து கிடந்தது.

பெம்பிகஸ் வல்காரிஸ் பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும். தோலுக்கு வரப் பல மாதங்கள்கூட ஆகும். அதற்குக் காரணம் உண்டு. வாயின் உட்படலம் டெஸ்மோக்ளின் 3 என்ற புரதத்தைப் பெரிதும் நம்பி நிற்கிறது. தோலில் அதற்குத் துணையாக டெஸ்மோக்ளின் 1 நிறைய இருக்கிறது. எதிர்ப்பான்கள் மூன்றை மட்டும் தாக்கும் காலத்தில் தோல் தாக்குப்பிடிக்கும், வாய் தாங்காது. ஒன்றையும் சேர்த்துத் தாக்கத் தொடங்கியதும் தோலும் விழும். ஒன்றை மட்டும் தாக்கும் பெம்பிகஸ் போலியேசியஸ் என்ற வகையில் வாய் தப்பிவிடுகிறது. இதையெல்லாம் நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன்தான். ஆனாலும் அந்த அம்மாவின் சேலைத் தலைப்பை விலக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து என் பரிசோதனை வாயில் தொடங்குகிறது. பிறகு கண், தலை, தொப்புள், கடைசியாக மறைவிடம். கடைசியைக் கேட்பதற்கு ஓர் இளைஞனுக்குத் தன் பாட்டி வயதுப் பெண்களிடம் நா எழாது. வார்டின் மூத்த தாதி, நாங்கள் எல்லாரும் 'காக்' என்று அழைக்கும் மலாய்க்காரப் பெண்மணி, திரையை இழுத்துவிட்டு, தன் ஓட்டைத் தமிழில் "அம்மா, கீழே புண்ணு இருக்கா? ஒண்ணுக்குப் போனா எரியுதா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவார். பதிலும் சாதாரணமாக வரும். கேட்கும் விதத்தை அவரிடமிருந்து திருடிக்கொண்டேன்.

எங்கள் பாடநூல்களின் வண்ணப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். சிவப்பு என்று போட்டிருந்தால் சிவப்பாகத்தான் இருக்கும். பினாங்கின் வார்டில் ஒரே வரிசையில் ஹொக்கியன் தாத்தா, மலாய்ப் பாட்டி, எங்கள் கருந்தோல் அண்ணன். அவர் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. கருநீலமாகவோ, சற்றே கூடுதல் கருமையாகவோ தெரியும். அதன்மேல் மஞ்சள் பூசியிருந்தால் அதுவும் தெரியாது. மேடம் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவித் தடிப்பின் ஓரத்தைக் கண்டுபிடிப்பார். நான் கண்ணை மூடிய முதல் சில தடவைகள் ஒன்றுமே தட்டுப்படவில்லை. இந்தியப் பாடநூல்கள் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய துணை. நம் ஊர்த் தோலை அவை காட்டுகின்றன.

மஞ்சள் என்றதும் நினைவுக்கு வருகிறது. கொப்புளம் என்றால் நம் மக்களுக்கு முதலில் தோன்றுவது அம்மை, இல்லையென்றால் அக்கி. வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் விட்டு, அதற்குப் பிறகும் வடியாத நிலையில் வருவார்கள். காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சேர்ந்த புதிதில் நான் முகத்தைச் சுளித்துவிடுவேன். அடுத்த தவணைக்கு அவர்கள் வர மாட்டார்கள். மேடம் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். "அம்மை மூணு வாரத்துக்கு மேல இருக்குமா?" என்று மட்டும் கேட்பார். பதிலை வீட்டாரே சொல்லிக்கொள்வார்கள்.

இனி நான் அதிகம் தடுமாறிய வேலைக்கு வருகிறேன், பயாப்ஸி. கருவி சின்னது. நுனியில் வட்டக் கத்தியுள்ள ஒரு பேனா என்று வைத்துக்கொள்ளலாம். விட்டம் 4 மில்லிமீட்டர். மரத்துப்போக ஊசி போட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கருவியை நட்டுக்குத்தாக வைத்து ஒரே திசையில் திருக வேண்டும். மேல்தோலில் சிறு தடை, உள்தோலில் இழுத்துப் பிடிக்கும் இறுக்கம், பிறகு கொழுப்புக்குள் நுழையும்போது கை சட்டென்று தளரும். அந்தத் தளர்வில் நிறுத்த வேண்டும். நான் முன்னும் பின்னுமாகத் திருகினேன். ஏற்கெனவே பிணைப்பு அறுந்த மேல்தோல் அந்தச் சுழற்சியில் தனியே கழன்று கருவிக்குள் ஒட்டிக்கொண்டது. குழியில் மிச்சமிருந்ததை இடுக்கியால் கிள்ளி எடுத்தேன்; நசுங்கிப்போனது. ஆய்வக அறிக்கையில் 'மேல்தோல் இல்லை' என்று வந்தது. நோயாளிக்குக் கையில் ஒரு தையல், எனக்கு ஒரு 'டாக்டர்'.

அதன்பின் கூர்ந்து கவனித்தேன். மேடம் இடுக்கியைத் தொடுவதே இல்லை. ஊசிமுனையால் தோல்துண்டைத் தூக்கி, அடியில் கத்தரிக்கோலை நுழைத்து வெட்டுவார். வெட்டும் இடமும் நான் நினைத்த இடமில்லை. கொப்புளத்தின் நடுவில் வெட்டினால் நீரும் உடைந்த கூரையும்தான் கிடைக்கும். நுண்ணோக்கிக்கான துண்டைப் புதிய கொப்புளத்தின் விளிம்பில், பாதி கொப்புளமும் பாதி நல்ல தோலுமாக எடுக்க வேண்டும். ஒளிரும் சாயச் சோதனைக்கான இரண்டாவது துண்டைக் கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து எடுக்க வேண்டும். கொப்புளம் வந்த இடத்தில் அழற்சி, படிந்த எதிர்ப்பான்களைச் சிதைத்துவிட்டிருக்கும். பக்கத்துத் தோலில்தான் அவை குலையாமல் கிடக்கும்.

முதல் துண்டு பார்மலினுக்குள் போகும். இரண்டாவது அதில் போகவே கூடாது. பார்மலின் பட்டால் சோதனை பாழ். மிஷெல் திரவம் என்ற தனித் திரவத்தில் போட வேண்டும். அன்றே ஆய்வகத்துக்குப் போகுமென்றால் உப்புநீர்கூடப் போதும். இரண்டு குப்பிகளையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டாவது துண்டையும் பழக்கத்தில் பார்மலினில் போட்டேன் ஒரு நாள். நோயாளியான பெரியவரிடம் போய் மறுபடி வெட்ட வேண்டும் என்று சொல்லும் வேலையை மேடம் எனக்கே கொடுத்தார். கூட வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. பெரியவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பரவாயில்ல, எடுங்க" என்றார். இன்றுவரை நான் கத்தியை எடுக்கும் முன்பு குப்பிகளின் மேல் பெயர் எழுதி, தட்டின் இரண்டு ஓரங்களில் தள்ளி வைக்கிறேன்.

இருட்டறையில் அந்தத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தது மறக்காது. பெம்பிகஸில் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் பச்சை ஒளி, மேல்தோல் முழுக்க ஒரு வலை. பெம்பிகாய்டில் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே ஒரே ஒரு பச்சைக் கோடு. 1964-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும் பெம்பிகஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தோலுக்கு எதிரான எதிர்ப்பான்கள் சுற்றுவதை இதே ஒளிரும் முறையால் காட்டினார்கள். அதுவரை இது தொற்றா, விஷமா என்றே தெரியாமல் இருந்தது. விரலடியில் நகர்ந்ததற்கும் இந்தப் பச்சை வலைக்கும் உள்ள தொடர்பு எனக்குப் பிடிபட்டது அந்த இருட்டறையில்தான்.

என் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்த ஒரு நாளும் உண்டு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த சீனப் பெரியவர். பல வாரங்களாக அரிப்பு, தூக்கமில்லை. வயிற்றிலும் தொடைகளிலும் காணாக்கடி போன்ற தடிப்புகள், கொப்புளம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வாமை மருந்துகளும் சொறி மருந்தும் பார்த்தாகிவிட்டது. காணாக்கடித் தடிப்பு ஒரு நாளில் இடம் மாறும். இவருக்கு நான் பேனாவால் வட்டமிட்ட தடிப்பு மறுநாளும் அதே வட்டத்துக்குள் இருந்தது. முதியவர், மூளை நோய், விடாத அரிப்பு, நகராத தடிப்பு. பெம்பிகாய்ட் கொப்புளம் விடுவதற்கு முன்பே பல மாதங்கள் இப்படி நடமாடும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. மகனிடம் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். நீரிழிவுக்கான மாத்திரைகளில் கிளிப்டின் வகையைச் சேர்ந்த வில்டாகிளிப்டின் இருந்தது. அந்த வகை பெம்பிகாய்டைத் தூண்டக்கூடியது. தடிப்புக்குப் பக்கத்தில் வெட்டினேன், சரியான குப்பியில் போட்டேன். அறிக்கையில் பச்சைக் கோடு வந்தது. மேடம் படித்துவிட்டு, "தம்பி, அந்த மாத்திரைய மாத்தச் சொல்லிக் கடிதம் எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். நான் அந்தக் கடிதத்தைத் தேவைக்கு அதிகமாக அழகான கையெழுத்தில் எழுதினேன்.

சிகிச்சைக்கு வந்ததும் மறுபடி 'டாக்டர்' ஆனேன். பெம்பிகஸுக்குப் பிரெட்னிசோலோன், ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் வரை. மருந்தைத் தொடங்கியபின் ரணங்கள் ஆறவில்லையே என்று நான் அளவைக் கூட்டப் போனேன். "புதுசு எத்தன?" என்று கேட்டார் மேடம். எண்ணியிருக்கவில்லை. பழைய ரணம் ஆற நாளாகும். நோய் அடங்குகிறதா என்பதைச் சொல்வது புதிதாக எழும் கொப்புளம்தான். அன்றிலிருந்து காலைதோறும் உடல் வரைபடத்தில் புதியவற்றை மட்டும் குறித்தேன். நான் கூட்ட நினைத்த அந்த நோயாளிக்குப் புதிதாக ஒன்றுமே வந்திருக்கவில்லை. நான் கூட்டியிருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது.

பெம்பிகாய்டில் களிம்பே போதும் என்று 2002-ல் பிரான்சின் பாஸ்கல் ஜோலி குழுவினர் காட்டியிருந்தார்கள். பரவலான நோயில் குளோபெட்டசால் களிம்பை நாளுக்கு 40 கிராம் உடம்பெங்கும் பூசியவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாகப் பிழைத்தார்கள். இது தெரிந்தும் நான் ஒரு முதியவருக்கு 15 கிராம் குழாய் ஒன்றை எழுதிக்கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். கொப்புளம் குறையவில்லை. மேடம் ஒரு குழாயை என் கையில் கொடுத்து, "உங்க ரெண்டு கையிலயும் காலுலயும் பூசுங்க" என்றார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குத்தான் காணும். ஒரு கால் முடிவதற்குள் குழாயில் பாதி காலி. நாளுக்கு மூன்று குழாய் வேண்டும் என்பதும், தனியே வாழும் முதியவருக்கு முதுகில் பூசிவிட ஆள் வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மருந்து எழுதுமுன் கேட்க வேண்டியவை தனிப் பாடம். ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோய் உண்டா, மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்தவரா என்று கேட்க வேண்டும். நம் வெப்பநாட்டு மண்ணில் இருக்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு பல பத்தாண்டுகள் குடலில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, ஸ்டீராய்டு பட்டதும் பெருகி உயிரைக் குடிக்கும். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கும் அசதயோபிரினைச் சிலருடைய உடம்பு தாங்காது. ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படும் நட்15 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு முடி கொட்டி, வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்குப் போய்விடும். சிறுவர்களுக்கு வரும் நேர்கோட்டு ஐஜிஏ நோயில், பழைய கொப்புளத்தைச் சுற்றி வட்டமாகப் புதியவை முளைக்கும்; அதற்கு டாப்சோன் நன்றாகக் கேட்கும். தொழுநோய்க்கும் கொடுக்கும் மருந்து அது.  மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். குறைபாடு இருப்பவருக்கு டாப்சோன் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். பிள்ளைக்குத் தாயிடம் கேட்டால் விடை கிடைக்கும். வயதானவர்களுக்குச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தியாவைப் பற்றி மேடம் மரியாதையோடு பேசுவார். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா தொடங்கிய முறையில், 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை மூன்று நாள்கள் சொட்டுச் சொட்டாக ஏற்றி, அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து, 28 நாள்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்தார்கள். விலை குறைவு, பிழைத்தவர்கள் ஏராளம். கருத்தரிக்கும் வாய்ப்பை அது கெடுக்கலாம் என்பது அதன் குறை. இன்று ரிட்டுக்ஸிமாப் வந்துவிட்டது. எதிர்ப்பான்களை உண்டாக்கும் பி அணுக்களையே குறிவைக்கும் மருந்து. 2017-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், தொடக்கத்திலேயே அதையும் குறுகிய கால ஸ்டீராய்டையும் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குப்பின் மருந்தில்லாமல் நோயின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டை மட்டும் பெற்றவர்களில் 34 விழுக்காட்டினர்தான். ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்காமல் அதை ஏற்றக் கூடாது. விலைதான் தொண்டையில் நிற்கிறது.

இவையெல்லாம் டாக்டர் வேலை. நோயாளி இரவில் தூங்குவது காக்கின் வேலையால். பெரிய கொப்புளத்தைத் தாழ்ந்த ஓரத்தில் கிருமி நீக்கிய ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, கூரையை அப்படியே படிய விடுவார். அதைவிட நல்ல கட்டு கிடையாது. நான் ஒரு நாள் கூரையைச் 'சுத்தமாக' வெட்டியெடுத்தேன். அந்த நோயாளி அன்று முழுக்க வலியில் துடித்தார். தோலில் பிளாஸ்திரி ஒட்டக் கூடாது, ஒட்டினால் அதோடு தோலும் வரும். காய்ந்து ஒட்டிய துணியை இழுக்காமல், உப்புநீர் ஊற்றிக் காத்திருந்தால் தானாக மிதந்து வரும். காத்திருப்பதற்கு நான் தயாராக இல்லாத நாள்களில் காக் என் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக்கொள்வார். பெர்மாங்கனேட் கரைசலை நான் கத்தரிப்பூ நிறத்தில் கலந்தேன். வெளிர் ரோஜா நிறத்துக்கு மேல் போனால் எரிக்கும் என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டார். இந்திய வார்டுகளில் வாழையிலையை விரித்து நோயாளியைப் படுக்க வைப்பார்கள், புண்ணில் ஒட்டாது என்று நான் சொன்னபோது மட்டும், "பாகுஸ்", நல்லது, என்று மலாயில் ஒப்புக்கொண்டார்.

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். பெம்பிகஸ் அடங்கி, குறைந்த அளவு ஸ்டீராய்டில் இருப்பவர்கள் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். அலகு வேண்டாம், காவடி தோளை உராயும் என்பதால் அதுவும் வேண்டாம், பால்குடம் எடுங்கள், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள் என்பது மேடத்தின் பதில். 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறிவிட்டு, திருநீற்றோடு அடுத்த தவணைக்கு வந்து நிற்பார்கள். மேடம் முதலில் பாதத்தைப் பார்ப்பார்.

மேடம் ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் இப்போது புதிய எம்.ஓ.க்களுக்கு நான் சுவரைக் காட்டுகிறேன். அவர்களும் கொப்புளத்தின் நடுவில்தான் வெட்டப் போகிறார்கள்.

படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வயதானவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விடாத அரிப்பு, காரணமில்லாமல் எழும் கொப்புளம் இவற்றில் ஏதாவது வீட்டில் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெம்பிகஸும் பெம்பிகாய்டும் தொற்றுநோய்கள் அல்ல. தட்டையும் படுக்கையையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஸ்டீராய்டு சாப்பிடுபவர் உடம்பு தேறியது என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. நோய் திரும்பும், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கமும் வரலாம். மலேசியாவில் இருப்பவர்கள் பக்கத்துக் கிளினிக் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வரலாம். வரும்போது வீட்டிலிருக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.